எழுந்தால் அவுட்

பி.டி. மாஸ்டருக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒன்று இருந்தது. இருந்தது என்றால், காகிதத்தில் இருந்தது. கால அட்டவணையில் எட்டாம் வகுப்புக்கு நேரே 'விளையாட்டு' என்று பச்சை மையில் அழகாக எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த பீரியடில் பிள்ளைகள் விளையாடி யாரும் பார்த்ததில்லை. மணி அடிப்பதற்கு முன்பே கணக்கு டீச்சர் சாக்பீஸ் டப்பாவோடு வராந்தாவில் வந்து நின்றுவிடுவார்.

"சார், போர்ஷன் முடியல. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடுங்க."

இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்று அவர் கேட்க ஆரம்பித்து வருஷங்கள் ஆகிவிட்டன. கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல் என்றால் அறிவியல் சார் வருவார். அவர் வராவிட்டால் மொழிப்பாட ஐயா வருவார். தெருக்குழாய் மாதிரி அந்த பீரியடில் யார் வேண்டுமானாலும் குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாஸ்டரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சாமான் அறைக்குப் போய், சூம்பிக் கிடக்கிற பந்துகளுக்குக் காற்றடிப்பார். அடுத்த வாரம் பார்த்தால் அவை மறுபடியும் சூம்பியிருக்கும். ஒருவரும் உதைக்காமலே பந்துக்கு எப்படித்தான் காற்று இறங்குகிறதோ, தெரியவில்லை.

ஆனால் ஆட்டம் என்று இறங்கிவிட்டால் அவர் வேறு ஆள். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் நுனி போனாலும் விசிலை ஊதிக் கையைத் தூக்கிவிடுவார். பெற்ற மகள் என்றும் பார்க்க மாட்டார், மேலதிகாரி என்றும் பார்க்க மாட்டார். ஒரு முறை ஆசிரியர்களுக்கு நாற்காலிப் போட்டி வைத்தார்கள். பாட்டு நிற்பதற்கு முன்னாலேயே தலைமையாசிரியை உட்கார்ந்துவிட்டார் என்று, பெற்றோர் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாளை அவுட் ஆக்கினார். அன்றிலிருந்து அவருக்குப் பள்ளிக்கூடத்தில் 'அவுட் சார்' என்று பெயர். தலைமையாசிரியை அதை மறந்துவிட்டதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்.

அந்தத் தலைமையாசிரியை ஒரு நாள் சாயங்காலம் எல்லா ஆசிரியர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு குழந்தைகள் அறக்கட்டளை நடத்துகிற இல்லம் இருந்தது. மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டிய பிள்ளைகளும், அவர்களோடு வந்த தாய் தகப்பனும் தங்குகிற இடம். பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கொரு முறை அதற்காக உண்டியல் வைப்பார்கள்.

"உண்டியல் வெச்சு, போட்டோ எடுத்து, அதோட மறந்துடறது இந்த வருஷம் கிடையாது," என்றார் தலைமையாசிரியை. "எட்டாம் வகுப்புல எல்லாப் பாடத்துக்குள்ளயும் அந்த இல்லம் வரணும். கணக்குலயும் வரணும், கட்டுரையிலயும் வரணும். படிக்கறது வேற, அடுத்தவங்கள நெனைக்கறது வேறன்னு பிள்ளைங்க நெனைக்கக் கூடாது."

நல்ல யோசனைதான். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கணக்கு டீச்சர், அங்கே இருக்கிற கூடத்தையும் ஜன்னலையும் அளந்து பரப்பளவுப் பாடம் நடத்தப்போவதாகச் சொன்னார். அறிவியல் சார் ரத்தத்தை எடுத்துக்கொண்டார். மொழிப்பாட ஐயா, படித்தவர் கண் கலங்குகிற மாதிரி ஒரு கட்டுரை எழுதவைப்பேன் என்றார், சொல்லும்போதே அவர் குரல் கொஞ்சம் கலங்கியது. கடைசியில் எல்லாத் தலையும் மூலையில் இருந்த மாஸ்டர் பக்கம் திரும்பியது.

"நீங்க என்ன பண்ணப் போறீங்க சார்?"

"நான்... பிள்ளைங்கள வரிசையாக் கூட்டிட்டுப் போய், வரிசையாக் கூட்டிட்டு வந்துடறேன் மேடம்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. கணக்கு டீச்சர் கேலி பண்ணுகிறவர் இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னார். "படுத்திருக்கற பிள்ளைங்களுக்கு அவர் என்ன ஓட்டப்பந்தயமா மேடம் வைக்க முடியும்? பேசாம அந்த பீரியட எங்களுக்கே குடுத்துட்டா, சார்ட் வேலையெல்லாம் முடிஞ்சிடும்."

தலைமையாசிரியை பேனாவை மூடினார். "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம் சார். அதுக்குள்ள அந்த இல்லத்த வெச்சு நீங்க ஒரு பாடம் காட்டணும். இல்லன்னா அட்டவணையிலேயே மாத்திடறேன். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம் பாருங்க."

மாஸ்டருக்கு அங்கேதான் சுருக்கென்றது. இரவல் கொடுத்த சட்டை நம் வீட்டுக் கொடியில் காயாவிட்டாலும் சட்டை நம்முடையதுதான். பச்சை மையில் எழுதியிருக்கிற அந்த ஒரு வார்த்தையையும் அழித்துவிட்டால் அப்புறம் இவர் எதற்கு? காற்றடிக்கவா?

வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி சுடுதண்ணீர் வாளிக்குள் கால்களை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். உடுப்பு தைக்கிற தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பெடலை மிதித்த கால். வாளிக்குள் இருக்கும் வரை அவளை எதற்கும் எழுப்பக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். எட்டாம் வகுப்பில் படிக்கிற மகள் தரையில் குப்புறப் படுத்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்:

"உங்க பீரியட் இருந்தா என்ன, போனா என்ன? இருக்கும்போது மட்டும் பெரிசா வெளையாடிக் கிழிச்சீங்களாக்கும்."

"ஏம்மா, நீயே இப்படிச் சொன்னா?"

"நான் சொல்லாம பின்ன யாரு சொல்லுவா? எங்க தையல் லைன்ல எவளாவது என் மெஷின்ல வந்து உக்காந்து பாக்கட்டும், தெரியும் சேதி. நீங்க எழுந்து எடம் குடுத்துட்டு, விசிறியும் விடுவீங்க."

மகள் தலையைத் தூக்காமலே, "அப்பா, 'துயரக்கடல்' நல்லா இருக்கா, 'கண்ணீர்க்கடல்' நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"இல்லத்துப் பிள்ளைங்கள பத்திக் கட்டுரை. ஐயா அழுகை வரணும்னு சொல்லியிருக்காரு."

"நீ அவங்கள பாத்திருக்கியா?"

"இல்லப்பா. அடுத்த வாரம்தான கூட்டிட்டுப் போறாங்க. அதுக்கு முன்னாடியே எழுதிடணுமாம்."

மாஸ்டர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெகுநேரம் ஒரு பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட வேன் இரண்டு நடையாகப் போய் வகுப்பையே இல்லத்து வாசலில் இறக்கியது. சும்மா இருக்கிற கை என்று ஒன்று தெரிந்தால் எல்லோரும் சுமையை அதில்தான் கொடுப்பார்கள். சார்ட் சுருள், பழக்கூடை, அளவு நாடா, வளையம் எறிகிற விளையாட்டுச் சாமான் எல்லாம் மாஸ்டர் தோளில் ஏறின. உள்ளே போகும் முன் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவவைத்தார். பிள்ளைகள் அவரைப் 'பெரியம்மா' என்று கூப்பிட்டார்கள்.

நீளமான கூடம். இரண்டு பக்கமும் கட்டில்கள், நடுவில் தேய்ந்து வழுக்குகிற தரை. மருந்து வாசனையும் துவைத்த துணி வாசனையும் கலந்து வந்தன. சில பிள்ளைகள் தலையில் முடி இல்லாமல் தொப்பி போட்டிருந்தார்கள். சிலர் கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. அம்மாக்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பழகிப்போன சிரிப்பு.

பாடங்கள் தொடங்கின. கணக்கு டீச்சரின் பிள்ளைகள் ஜன்னலை அளந்தார்கள். ஒரு கட்டிலில் படுத்திருந்த பையன், "அக்கா, போன வாரம் வந்தவங்களும் இதே ஜன்னலத்தான் அளந்தாங்க. கொஞ்சமாவது வளந்திருக்கா?" என்று கேட்டான். மொழிப்பாட ஐயா கட்டுரை வாசிக்கச் சொன்னார். மாஸ்டரின் மகள் எழுந்து நின்று, கட்டுரையைப் பார்த்தாள், எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னப் பையன் அவளைப் பார்த்து நாக்கைத் துருத்தி அழகு காட்டிக்கொண்டிருந்தான். 'துயரக்கடல்' என்ற இடம் வந்ததும் அவளுக்கு வாசிக்க வரவில்லை. இருமல் வந்ததாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு வளையம் எறிகிற ஆட்டம். தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலை நடுவில் வைத்து, சற்றுத் தள்ளிச் சாக்பீஸால் கோடு போட்டார்கள். இல்லத்துப் பிள்ளைகள் எறிந்த வளையம் பாட்டில் பக்கத்தில் விழுந்தாலும் கைதட்டல், கட்டிலுக்கு அடியில் விழுந்தாலும் கைதட்டல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேண்டுமென்றே தூர எறிந்து தோற்றார்கள். "ஐயோ, நான் தோத்துட்டேன்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு நடிக்கவும் செய்தார்கள். அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மாஸ்டர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை விசில் இருக்கும் பையைத் தானாகத் தடவியது.

அப்போது சக்கர நாற்காலியில் ஒரு பெண் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும், ஆனால் உருவம் பாதி. இல்லத்தில் அவளைச் 'சுண்டெலி' என்று கூப்பிட்டார்கள். வளையத்தை வாங்கிக்கொண்டு, எறிகிற வேகத்தில் வண்டியை ஒரு தள்ளுத் தள்ளினாள். முன்சக்கரம் கோட்டைத் தாண்டியது. வளையம் பாட்டில் கழுத்தில் சிக்கென்று மாட்டியது. கூடம் முழுக்கக் கைதட்டல்.

விசில் ஊதிற்று.

ஊதினது யார் என்று மாஸ்டருக்கே ஒரு கணம் தெரியவில்லை. வாயில் விசில், தலைக்கு மேலே தூக்கிய கை. "அவுட்!" என்றும் சொல்லியாகிவிட்டது.

கைதட்டல் பாதியில் நின்றது. கணக்கு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "சார்!" என்றார் தலைமையாசிரியை, பல்லைக் கடித்தபடி. மாஸ்டர் கையை இறக்க மறந்து அப்படியே நின்றார்.

சுண்டெலி மட்டும் அவரையே உற்றுப் பார்த்தாள். "நெசமாவே அவுட்டா?"

"அது வந்து... சக்கரம் கோட்டத் தாண்டிடுச்சும்மா."

"சக்கரம்தான தாண்டிச்சு? என் காலு உள்ளதான இருக்கு. பாருங்க!"

"உனக்குச் சக்கரம்தான் காலு. காலு கோட்டத் தாண்டினா அவுட்."

"அது எந்த ஊரு சட்டம்? அப்ப சக்கரத்துக்கு செருப்பு வாங்கிக் குடுங்க!"

கட்டிலில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜன்னல் வளர்ந்ததா என்று கேட்ட பையன் எழுந்து உட்கார்ந்து, "சார் சொல்றதுதான் சரி, நானும் பாத்தேன், அவுட்டுதான்!" என்று கத்தினான். "நீ வாய மூடுடா, உனக்கு என்ன தெரியும்!" என்றாள் இவள். அம்மாக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். சுண்டெலியின் அம்மா, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மகள் பக்கம் நிற்காமல் அவுட் கட்சியில் நின்றாள்.

"சரி, அவுட்டுன்னா வெளிய போகணும்," என்றாள் சுண்டெலி. "இங்க எங்க போறது?"

மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு தலையணையை எடுத்து அவள் மடியில் வைத்தார். "இது மடியில இருக்கற வரைக்கும் நீ வெளிய இருக்கே."

அவள் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். முகம் பூரித்திருந்தது. "இங்க வந்ததுல இருந்து நான் ஜெயிச்சுட்டே இருக்கேன் சார். யாரு வந்தாலும் ஜெயிக்க விட்டுடறாங்க. ஜெயிச்சு ஜெயிச்சு போர் அடிச்சுப் போச்சு. அடுத்த தடவை எப்ப வருவீங்க? நான் உங்கள நெசமாவே தோக்கடிக்கணும்."

வேன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. இறங்கியதும் தலைமையாசிரியை அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "உடம்பு முடியாத கொழந்தைய விசில் ஊதி அவுட்டுன்னு சொல்லலாமா சார்? உங்களுக்குப் பாடம் காட்டச் சொன்னேன். நல்லாக் காட்டிட்டீங்க." மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். சாமான் அறைக்குப் போய் உட்கார்ந்தவர் அன்றைக்குக் காற்றுக்கூட அடிக்கவில்லை. பீரியட் போனது போனதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் மறுநாளே பெரியம்மா தலைமையாசிரியைக்குப் போன் பண்ணினார். குறை சொல்லப்போகிறார் என்று நினைத்து, முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார் தலைமையாசிரியை. அந்தப் பக்கத்துக் குரல் விடவில்லை.

"அந்த அவுட் சார் எப்ப வருவாருன்னு இந்தப் பொண்ணு என் உயிர வாங்கறா மேடம். நேத்து ராத்திரி சோறு எறங்கற வரைக்கும் சக்கரம் காலா இல்லையான்னு வாக்குவாதம். பேச்சு சுவாரசியத்துல ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டா. அவரத் தயவுசெஞ்சு அனுப்புங்க. ஆனா காலைல அனுப்புங்க, மத்தியானத்துக்கு மேல பிள்ளைங்க சோர்ந்துடுவாங்க."

தலைமையாசிரியை போனை வைத்துவிட்டு மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். "ஒரே ஒரு தடவை. நானே வந்து பாப்பேன். அது பாடம்னு எனக்குத் தோணணும். தோணலன்னா பச்சை மை அழிஞ்சிடும், சொல்லிட்டேன்."

அன்று ராத்திரி மாஸ்டர் வீட்டில் புது ஆட்டம் பிறந்தது. எல்லோரும் கட்டிலிலோ நாற்காலியிலோ உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர் வரிசைக்குப் பந்தை எறிய வேண்டும், அவர்கள் பிடிக்க வேண்டும். கீழே விட்டால் அவுட். இடுப்பு இருக்கையை விட்டு எழுந்தாலும் அவுட். அவுட் ஆனவர் மடியில் தலையணை.

"பந்து மெத்துனு இருக்கணும்," என்றார் மாஸ்டர். "கொதிக்கற தண்ணியில போட்டு எடுக்கற மாதிரியும் இருக்கணும். பெரியம்மா கண்டிஷன்."

மனைவி வாளிக்குள் கால் இருக்கும்போதே ஊசியை எடுத்துக்கொண்டாள். தொழிற்சாலையில் வெட்டிப் போட்ட துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, இரண்டே நாளில் பல நிறத்தில் ஒரு பந்து தைத்துக் கொடுத்தாள். "தையல் விட்டுப்போச்சுன்னு எவனாவது சொல்லட்டும்," என்று சுவரில் அடித்துக் காட்டினாள். வீட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் அவளே ஜெயித்தாள். வாளியில் இருந்து எழுந்தால்தானே தோற்பதற்கு.

இனி நேரம் பிடிக்க வேண்டும். காலையில் என்றால் அவருடைய கடைசி பீரியட் உதவாது, வெள்ளிக்கிழமை முதல் பீரியட்தான். அது கணக்கு. மாஸ்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக, மணி அடிப்பதற்கு முன் எட்டாம் வகுப்பு வராந்தாவில் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பந்தைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், போர்ஷன் முடியல. இந்த வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும்..."

கணக்கு டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு ஏது சார் போர்ஷன்?"

"இப்பதான் ஒண்ணு வந்திருக்கு."

"திருப்பித் தருவீங்களா?"

"நீங்க எப்பவாவது தந்திருக்கீங்களா டீச்சர்?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நானும் கூட வருவேன். என் பிள்ளைங்கள நம்பி உங்ககிட்ட விடமாட்டேன்," என்றார். அப்படியாக அவரும் பள்ளி அணியில் சேர்ந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கூடத்தில் கட்டில்களை எதிரும் புதிருமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு வரிசையில் இல்லத்துப் பிள்ளைகள், எதிர் வரிசையில் நாற்காலிகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கணக்கு டீச்சரும். நடுவர் நின்றுகொண்டு இருக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. "எல்லாரும்னா எல்லாரும்," என்றாள் சுண்டெலி. மாஸ்டருக்கு ஒரு காலிச் சக்கர நாற்காலி கொடுத்து உட்காரவைத்தார்கள். தலைமையாசிரியை இன்னும் வந்து சேரவில்லை, பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"இந்தத் தடவை யாரும் விட்டுக்குடுக்கக் கூடாது," என்று மாஸ்டர் தன் பிள்ளைகளிடம் சொன்னார். "விட்டுக்குடுத்தது தெரிஞ்சா அதுக்கும் அவுட்."

ஆட்டம் பிடித்துக்கொண்டது. ஓடி ஆடிப் பழகின பிள்ளைகளுக்கு உட்கார்ந்து ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பந்து சற்று உயரமாக வந்தால் கால் தானாக எழுந்துவிடும், விசில் ஊதிவிடும். கட்டிலிலேயே கிடந்து பழகினவர்கள் இடுப்பை அசைக்காமல் உடம்பை வளைத்து, கையை எங்கே நீட்டினால் எட்டும் என்று பார்த்துப் பிடித்தார்கள். ஆனாலும் பள்ளி அணி லேசில் விடவில்லை. மாஸ்டரின் மகள் எறிந்த பந்தை, நாக்கைத் துருத்தின பையன் கீழே விட்டான். தலையணையை வாங்கிக்கொண்டு, "இது ஓவர்க்கா, ரொம்ப ஓவர்!" என்று சண்டைக்கு வந்தான். அவள் அவனுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள். கணக்கு டீச்சர் எதிர் வரிசையில் எஞ்சியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணி, எந்தப் பக்கம் எறிந்தால் எடுபடும் என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் இல்லத்து வரிசையில் சுண்டெலி ஒருத்தி மட்டும் மிச்சம். பள்ளி வரிசையில் பாதிப் பேருக்கு மேல் இருந்தார்கள்.

பந்து கணக்கு டீச்சர் கையில். அவர் குறி பார்த்தார். சுண்டெலி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு தலைமையாசிரியை உள்ளே வந்தார்.

பள்ளி வரிசை மொத்தமும் படக்கென்று எழுந்து நின்றது. "வணக்கம் மேடம்!"

நாள்தோறும் செய்கிற வேலை. யாரும் யோசித்துச் செய்ததில்லை. கணக்கு டீச்சரும் பந்தோடு எழுந்திருந்தார். சக்கர நாற்காலியில் இருந்த மாஸ்டரும் எழுந்து நின்று கையைக் குவித்திருந்தார்.

இல்லத்து வரிசை உட்கார்ந்தபடியே அவர்களைப் பார்த்தது. தலைமையாசிரியை மகிழ்ச்சியாகத் தலையை ஆட்டி, "உக்காருங்க, உக்காருங்க. ஆட்டம் எப்படிப் போகுது?" என்றார்.

மாஸ்டர் யோசித்தார். இது கணக்கில் வராது, மரியாதைக்கு எழுந்தது, திரும்ப ஆடுவோம் என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. தலைமையாசிரியைக்கும் சந்தோஷமாக இருக்கும், பச்சை மையும் பிழைக்கும். அவர் சுண்டெலியைப் பார்த்தார். அவள் நீட்டின கையை இறக்கவில்லை. இவர் என்ன செய்யப்போகிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார். இதுவரைக்கும் விசில் தானாக ஊதிற்று. இந்தத் தடவை அவர்தான் ஊதினார், கூடம் அதிர.

"பள்ளி அணி மொத்தமும் அவுட்! இல்லம் ஜெயிச்சிடுச்சு!"

சுண்டெலி போட்ட கூச்சலில் வாசலில் இருந்த நர்ஸ் ஓடி வந்தார். கட்டில்களில் தலையணைகள் மேலே பறந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள், இந்தத் தடவை நடிப்பு இல்லை. "சார், மேடம் வந்தாங்கன்னுதான எழுந்தோம்!" என்று மகளே அப்பாவோடு மல்லுக்கு நின்றாள்.

"எழுந்தா அவுட். யாரு வந்தா என்ன?"

தலைமையாசிரியைக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான் உள்ள வந்ததுனாலயா எல்லாரும் அவுட்?"

"ஆமாம் மேடம்."

"நீங்களும் எழுந்தீங்களே சார்?"

மாஸ்டர் அதை யோசித்திருக்கவில்லை. தான் நிற்பதைக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, ஒரு தலையணையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நானும் அவுட்டுதான் மேடம்."

"அப்ப விசில் யாருக்கு?" என்று ஜன்னல் பையன் கேட்டான்.

"அவுட் ஆகாதவங்களுக்கு," என்று சுண்டெலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். பெரியம்மா விசிலை வாங்கி வெந்நீரில் கழுவித் துடைத்துக் கொடுத்தார். அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலைமையாசிரியையை மேலும் கீழும் பார்த்தாள். "மேடம், நீங்க இன்னும் நின்னுட்டுதான் இருக்கீங்க."

தலைமையாசிரியையின் முகத்தில் அந்த நாற்காலிப் போட்டி நாள் வந்து போனது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது அந்த அம்மாள் ஒரு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் தலையணையோடு, புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய்ப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிச்சு நிக்கறத மட்டும்தான் சொல்லிக்குடுத்திருக்கோம் போல," என்றார் மொத்த வகுப்பையும் பார்த்து. அப்புறம் மாஸ்டர் பக்கம் குனிந்து, "பச்சை மை அப்படியே இருக்கட்டும் சார். அந்த பீரியட இனிமே யாராவது இரவல் கேட்டா எங்கிட்ட அனுப்புங்க," என்றார்.

இரண்டு தலையணை தள்ளி உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சருக்கு அந்தப் பேச்சே காதில் ஏறவில்லை. பந்து இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "சார், அடுத்த வெள்ளிக்கிழமையும் முதல் பீரியட எடுத்துக்கோங்க."

"போர்ஷன் டீச்சர்?"

"போர்ஷன் எங்க ஓடிடப்போகுது? நான் எறிஞ்சிருந்தா அந்தப் பொண்ணு அவுட்டு சார். நல்லாக் குறி பாத்து வெச்சிருந்தேன். இத நான் இப்படியே விடமாட்டேன்."

"இப்பவே இன்னொரு ஆட்டம் ஆடலாமே," என்றார் தலைமையாசிரியை. "எவ்வளவு நேரம் இந்தத் தலையணைய வெச்சுட்டு உக்காந்திருக்கறது?"

விசில் ஊதிற்று. எல்லோரும் திரும்பினார்கள்.

"அவுட் ஆனவங்க பேசக் கூடாது," என்றாள் சுண்டெலி.